வேல்ஸில் 'லன்' என்று தொடங்கும் ஊர்கள்: பெயரை எப்படிப் பிரித்துப் பார்ப்பது?

லன்டைலோ, லன்டிட்னோ, லன்கோலன் என்று வேல்ஸ் முழுக்க 'லன்' ஊர்கள்தான். 'லன் என்றால் தேவாலயம்' என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். அது பிற்பாடு வந்த பொருள். முதலில் அது வேலியடைத்த நிலம். வெல்ஷ் மொழியில் இன்றும் பழத்தோட்டம் 'பெர்லன்', ஆட்டுப்பட்டி 'கோர்லன்'. வளைத்த நிலத்தில் துறவிகள் தங்கினார்கள், இறந்தவர்களைப் புதைத்தார்கள். கல் கட்டடம் அப்புறம் வந்தது.

அதனால் நேரில் போகிறவர்கள் கட்டடத்தை விட்டுவிட்டுக் கல்லறைத் தோட்டத்தின் மதிலைச் சுற்றி வாருங்கள். வட்டமாகவோ முட்டை வடிவிலோ வளைந்து, உள்தரை வெளிச்சாலையைவிட மேடாக இருந்தால் பழைய லன்னாக இருக்க வாய்ப்பு அதிகம். தலைமுறை தலைமுறையாகப் புதைத்ததில் மண் ஏறியிருக்கும். ஒரு பக்கம் மட்டும் நேர்கோடாக இருந்தால், சாலைக்காக வெட்டியிருக்கலாம், கல்லறை இடத்தை விரித்திருக்கலாம். 19ஆம் நூற்றாண்டின் ஆறு அங்குல (ஒரு மைலுக்கு ஆறு அங்குலம்) ஆர்டனன்ஸ் சர்வே வரைபடத்தோடு, அதாவது பிரிட்டிஷ் அரசின் நில அளவை வரைபடத்தோடு ஒப்பிடுங்கள். ஸ்காட்லாந்து தேசிய நூலகத்தின் இணையதளத்தில் இலவசமாகவே கிடைக்கிறது.

*

மதில் சரி, பெரும்பாலும் ஒரு புனிதரின் பெயராக வரும் பின்பாதியில்தான் பலர் வழுக்குகிறார்கள். தமிழ் இலக்கணத்தின் புணர்ச்சியைப் போல 'லன்'னுக்குப் பின் முதலெழுத்து திரியும். மரியாளின் பெயர் மைர். லன்னோடு சேர்ந்தால் 'லன்வைர்'. மிக்கேல் தூதரின் மிஹாங்கெல் 'லன்விஹாங்கெல்' ஆகும். புனித தாவீதின் டெவி 'லன்தெவி' ஆகும். புனிதர் பட்டியலில் 'வைர்' என்று தேடினால் ஒன்றும் அகப்படாது, திரிபை நீக்கிவிட்டுத் தேடுங்கள்.

மரியாள், மிக்கேல் பெயர்கள் பல இடங்களில் பிந்தியவை. ஒரே பெயரில் ஊர்கள் நிறைய இருப்பதால் அடையாளத்துக்கு ஒரு ஒட்டு வேண்டியிருந்தது. ஆங்கிள்சி தீவில் இருப்பது 'லன்வைர் புல்குவின்கில்', அதாவது வெள்ளை ஹேசல் மரப் பள்ளத்து மரியாள் கோவில். அதோடு ஒட்டிய நீளமான வால் 1860களில் ரயில் பயணிகளை இழுக்கச் சேர்த்தது. அதில் பழைய வரலாற்றைத் தேடாதீர்கள்.

*

லன்டைலோவுக்கு எழுத்துச் சான்றே இருக்கிறது. இன்று இங்கிலாந்தின் லிச்ஃபீல்டு பேராலயத்தில் உள்ள நற்செய்திப் பிரதியின் ஓரத்தில் ஒரு லத்தீன் குறிப்பு: கெல்ஹி என்பவர் தம் சிறந்த குதிரையைக் கொடுத்து இந்த நூலை வாங்கி, புனித டைலோவின் பீடத்தில் காணிக்கையாக வைத்தார். 9ஆம் நூற்றாண்டில் அந்தப் புனிதரின் பீடம் உயிரோட்டமாக இருந்ததற்கு இதைவிட என்ன வேண்டும்!

*

ஒரு எச்சரிக்கை. எல்லா லன்னும் லன் அல்ல. ஓடையைக் குறிக்கும் 'நன்ட்' பேச்சில் உருமாறி 'லன்' ஆன ஊர்களும் உண்டு. லன்கார்வன் பழைய ஆவணங்களில் 'நன்ட்கார்வன்'. 1179இல் சிஸ்டெர்சியன் சபைத் துறவிகளின் மடம் எழுந்த லன்டார்னம் முன்பு 'நன்ட் டெய்ர்னான்'. இரண்டிலும் புகழ்பெற்ற மடம் இருந்ததால் திரிபு யார் கண்ணிலும் படாது. பின்பாதி புனிதர் பெயராகத் தெரியவில்லையா, ஊர் நீரோடைப் பள்ளத்தில் இருக்கிறதா, உடனே சந்தேகப்படுங்கள். பாங்கர் பல்கலைக்கழகத்தின் மெல்வில் ரிச்சர்ட்ஸ் ஆவணத் தொகுப்பில் பழைய எழுத்து வடிவங்கள் ஆண்டோடு இருக்கின்றன. கிடைப்பதில் மிகப் பழைய வடிவத்தை எடுத்து, அதிலிருந்து பிரிக்கத் தொடங்குங்கள்.