இந்த முதுகுவலி வேறு

பிறந்ததிலிருந்தே எனக்குச் சிக்கிள் செல் நோய். இரத்தச் சிவப்பணுக்கள் அரிவாள்போல வளைந்து, இரத்தக் குழாய்களை அடைத்து வலி தரும் பரம்பரை நோய் அது. வலி வந்தால் நிறையத் தண்ணீர் குடித்து, மாத்திரை போட்டு, வெந்நீர்ப் பையோடு படுத்துவிடுவேன். சென்ற ஆண்டு வந்த முதுகுவலியையும் அப்படித்தான் கடத்தப் பார்த்தேன்.

வழக்கமான வலி கை, கால், இடுப்பு என்று இடம் மாறும்; ஒரு வாரத்தில் தணியும். இதுவோ நடுமுதுகில் ஒரே இடத்தில் நின்றது. படுத்தால் அடங்கும், எழுந்தால் பிடித்து இழுக்கும். தும்மினால் உயிர் போகும். அவசரப் பிரிவில் "உங்களுக்கு எப்போதும் வருவதுதானே" என்று ஊசி போட்டு அனுப்பிவிட்டார்கள். இரண்டு முறை. அந்த வார்த்தையை நினைத்தால் இன்றும் மனம் கொதிக்கிறது.

ஒருநாள் அலமாரியின் மேல்தட்டு டப்பா கைக்கு எட்டவில்லை. எப்போதும் எட்டுவதுதான். அம்மா என்னைச் சுவரோடு நிறுத்தி, பென்சிலால் கோடு போட்டார். கல்லூரி நாளில் போட்ட கோட்டுக்கு இரண்டு விரற்கடை கீழே நின்றது புதுக் கோடு.

வேறு மருத்துவர் எக்ஸ்ரே எடுத்தார். முள்ளெலும்புகள் சில மேலும் கீழும் குழிந்து, மீன் வாய்போல இருந்தன. ஒன்று நசுங்கியே போயிருந்தது. 120 நாள் வாழவேண்டிய சிவப்பணு இந்த நோய் உள்ள நமக்கு 10 முதல் 20 நாளில் அழிந்துவிடுகிறதாம். அதை ஈடுகட்ட, எலும்புக்குள் இரத்த அணுக்களை உண்டாக்கும் மஜ்ஜை ஓயாமல் பெருகுகிறது. அது இடம் பிடிக்கப் பிடிக்க எலும்பின் உட்சட்டம் மெலிகிறது. போதாததற்கு எனக்கு வைட்டமின் டி மிகக் குறைவு. இப்போது அதற்கு மருந்து எடுக்கிறேன். குனிந்து பாரம் தூக்குவதில்லை.

வலியின் குணம் மாறினால் முதுகெலும்பைப் படம் எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். தயங்காதீர்கள்.

*

சகோதரி, உங்கள் பதிவைப் படித்தேன். இதே நோய் உள்ள என் தம்பிக்கு எலும்பு அடர்த்தி ஸ்கேனில் எல்லாம் சரி என்றே வந்தது. எக்ஸ்ரேயில்தான் நசுங்கல் தெரிந்தது. எலும்பில் இரத்தம் எட்டாமல் செத்த பகுதி ஆறும்போது இறுகிவிடுமாம். அந்த இறுக்கம் அடர்த்தியைக் கூட்டிக் காட்டிவிடும் என்றார் மருத்துவர். ஸ்கேன் தாளை மட்டும் நம்பி நாங்கள் நான்கு மாதம் இழந்தோம்.

*

நானும் ஒன்று சொல்கிறேன். சிக்கிள் செல் உள்ள என் மகனுக்கு இதே போன்ற வலியோடு காய்ச்சலும் இருந்தது. பார்த்தால் எலும்புக்குள் கிருமித்தொற்று, சால்மோனெல்லா. ஆறு வாரம் ஆன்டிபயாடிக். முதுகுவலியோடு காய்ச்சல் என்றால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள், அன்றிரவே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.