கோலத்துக்குப் போன பூசணிப்பூ

காலை 8:40
சித்தி: (படம்) இன்றும் ஒரு பூசணிப் பிஞ்சு மஞ்சளாகி விழுந்துவிட்டது. இது நாலாவது. யார் கண் பட்டதோ.

கார்த்தி: கண் பட்டிருக்காது அம்மா. தேனீ படவில்லை.

நான்: சித்தி, படத்தில் இருப்பது இன்னும் பிஞ்சாகவில்லை. பெண் பூவின் அடிப்பகுதியே அப்படித்தான் குட்டிக் காய் போல இருக்கும். மகரந்தம் சேராவிட்டால் நாலைந்து நாளில் வெம்பி உதிர்ந்துவிடும். ஆண் பூ பூக்கிறதா?

சித்தி: நீளக் காம்போடு நிறையப் பூக்கிறதே, அதுவா? அதில் காய் வராது என்று மார்கழி பிறந்ததிலிருந்து தினமும் பறித்துச் சாணிப் பிள்ளையாருக்கு வைத்துவிடுகிறேன்.

கார்த்தி: 😂 மாப்பிள்ளைகள் எல்லாம் வாசலில், பெண் மட்டும் மாடியில்.

நான்: அதுதான் சங்கதி. பூசணியின் மகரந்தத் தூள் கனமானது, பசை மாதிரி ஒட்டும். காற்றில் பறக்காது. அதனால்தான் அவ்வளவு பெரிய மஞ்சள் பூ, உள்ளே தேன். தேனீ இரண்டு பூவுக்கும் போனால்தான் காய். விடியலில் விரியும், வெயில் ஏறினால் சுருங்கிவிடும். நாளைக்கு ஓர் ஆண் பூவின் இதழைக் கிழித்துவிட்டு, நடுத்தண்டைப் பெண் பூவின் நடுவில் மெதுவாகத் தேயுங்கள்.

அப்பா: நான் கொடுத்த மக்காச்சோளம் என்ன ஆயிற்று அம்மா?

சித்தி: (படம்) அதை ஏன் கேட்கிறீர்கள் மாமா. உரித்தால் பொக்கை வாய் மாதிரி இருக்கிறது. அங்கொன்று இங்கொன்றாகத்தான் மணி. இதற்கும் தேய்க்க வேண்டுமா?

அப்பா: எப்படி நட்டாய்?

சித்தி: கைப்பிடிச் சுவரோரம் ஆறு பை, ஒரே வரிசை.

அப்பா: அங்கேதான் கோட்டை விட்டாய். சோளத்துக்குக் காற்றுதான் எல்லாம். உச்சிக் குஞ்சம் ஆண் பூ. கதிர் நுனியில் தொங்கும் முடி பெண் பூவினுடையது. ஒரு முடிக்கு ஒரு மணி. எந்த முடியில் தூள் விழவில்லையோ அந்த இடம் காலி. ஒற்றை வரிசையில் நட்டால் தூளெல்லாம் தெருவுக்குப் போய்விடும். மூன்றுக்கு மூன்றாகச் சதுரமாக நடு. பெரம்பலூரில் இந்தப் பருவத்தில் சோளக்காட்டுக்குள் ஒரு நடை போய் வந்தால் சட்டையெல்லாம் மஞ்சள் தூள்.

கார்த்தி: அதற்கு மட்டும் ஏன் அழகான பூ இல்லை, பெரியப்பா?

நான்: காற்றுக்கு எதற்கடா நிறமும் தேனும்? அந்தச் செலவையெல்லாம் தூளில் போட்டுவிடும். ஒரு குஞ்சத்திலேயே பல லட்சம் துகள். காய்ந்த, லேசான தூள். முடி முழுக்க மெல்லிய சுனை இருக்கும், பறந்து வருவதைப் பிடிக்க.

அப்பா: குஞ்சத்தைப் பனி காய்ந்ததும் லேசாக ஆட்டிவிடு. ஈரத்தில் தூள் உதிராது.

சித்தி: சரி மாமா. பூசணிக்கு விடியலில், சோளத்துக்குப் பனி காய்ந்த பிறகு. பீர்க்கைக்கு?

நான்: அது சாயங்காலம் பூக்கும் சித்தி.

சித்தி: நான் என்ன வாட்ச்மேனா?

மறுநாள் காலை 6:25
சித்தி: (படம்) தேய்த்துவிட்டேன். விரலெல்லாம் மஞ்சள். கோலத்துக்கு எதிர்வீட்டில் ஒரு பூ வாங்கிக்கொண்டேன்.

கார்த்தி: நீளக் காம்பா அம்மா?

சித்தி: ஆமாம்.

கார்த்தி: அவர்கள் வீட்டில் இனி பிஞ்சு நிற்காது.