ஐந்து கதவு ஜிம்னி: தோற்றம் எப்படி, நம் ஊருக்குப் பயன்படுமா?

தெம்பனிஸ்வாசி:
அனைவருக்கும் வணக்கம். பொங்கலுக்குத் திருச்சி சென்றிருந்தபோது, அண்ணன் மகன் புதிதாக வாங்கிய ஐந்து கதவு சுசுகி ஜிம்னி என்ற சிறிய நான்கு சக்கர இயக்க வண்டியில் நாங்கள் நால்வர் கொல்லிமலைக்குப் போய்வந்தோம். எழுபது கொண்டை ஊசி வளைவுகளையும் அந்தச் சிறிய வண்டி சலிக்காமல் ஏறியதைப் பார்த்ததிலிருந்து அது என் மனத்தை விட்டு அகலவில்லை. ஆனால், சிங்கப்பூர்ச் சாலைகளில் பார்த்துப் பழகிய மூன்று கதவு வண்டியோடு ஒப்பிடும்போது, இதைப் பக்கவாட்டில் பார்த்தால் நடுவில் பிடித்து இழுத்ததுபோல் தோன்றுகிறது. வீட்டில் மனைவி, இரண்டு பிள்ளைகள், 74 வயதான அம்மா ஆகியோர் இருக்கின்றனர். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி நிறுத்துமிடம்தான் எங்களுக்கு. ஆண்டுக்கு நான்கைந்து முறை மலேசியா செல்வோம். விலையையும் இங்கு எது கிடைக்கும் என்பதையும் தனியே விசாரித்துக்கொள்கிறேன். வடிவத்தையும் அன்றாடப் பயன்பாட்டையும் பற்றி உங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன்.

வரைபலகை:
வணக்கம். பொருள் வடிவமைப்புத் துறையில் பணியாற்றுபவன் என்ற முறையில் தோற்றத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன். 2018இல் வந்த நான்காம் தலைமுறை ஜிம்னியில் அழகுக்காக மட்டும் போட்ட கோடு என்று எதையும் என்னால் காட்ட முடியவில்லை. தட்டையான முன்மூடியின் ஓரங்கள் ஓட்டுநரின் கண்ணுக்குத் தெரிவதால் வண்டி எங்கே முடிகிறது என்பதை அவர் குறுகிய பாதையிலும் அறிந்துகொள்கிறார். முன்சன்னலின் கீழ்விளிம்பு பக்கவாட்டுக் கண்ணாடிக்கு அருகே தாழ்ந்திருப்பதும் பக்கத்துத் தரையைப் பார்ப்பதற்காகவே. பின்விளக்குகளைப் பம்பருக்குள் இறக்கியதால் பின்கதவை அகலமாக அமைக்க முடிந்தது. 1970இல் வெளிவந்த முதல் ஜிம்னியின் வட்ட விளக்குகளும், இந்தியாவில் காவல்துறையும் இராணுவமும் பயன்படுத்திய மாருதி ஜிப்ஸியின் பெட்டி உருவமும் இதில் ஒருசேரத் தெரிகின்றன. நம்மில் பலருக்கு இந்த வண்டி முதல் பார்வையிலேயே பழகியதாகத் தோன்றுவதற்கு அதுவே காரணம் என்று நினைக்கிறேன்.

ஐந்து கதவு வடிவத்தைப் பொறுத்தவரை உங்கள் கண் சரியாகத்தான் பார்த்திருக்கிறது. மொத்த நீளம் 3,645 மில்லிமீட்டரிலிருந்து 3,985 ஆகியது. அந்த 340 மில்லிமீட்டரும் முன், பின் சக்கரங்களுக்கு இடையில்தான் சேர்ந்தது. அகலமோ 1,645 மில்லிமீட்டராகவே நின்றுவிட்டது. நீளம் கூடி அகலம் கூடாத பெட்டி ஒல்லியாகத்தான் தெரியும். மூன்று கதவு வண்டியின் கட்டுக்கோப்பு இதில் இல்லை என்பதே என் தீர்ப்பு. இருப்பினும் கூரை விளிம்பையும் சன்னல் வரிசையையும் வளைக்காமல் நேராகவே நீட்டியிருக்கிறார்கள். அந்த நேர்மையை மதிக்கிறேன்.

காஹாங் பாதை:
நான் மூன்று கதவு ஜிம்னியைச் சில ஆண்டுகளாக ஓட்டி வருகிறேன். 1,462 சிசி, 75 கிலோவாட் எஞ்சின் என்பதால், 1,600 சிசி, 97 கிலோவாட் என்ற வரம்புக்குள் அடங்கி சிங்கப்பூரில் சிறிய கார்களுக்கான ஏ பிரிவு சிஓஇயில் (வாகன உரிமைச் சான்றிதழில்) வருகிறது. நகருக்குள் அதைவிட எளிதான வண்டியை நான் ஓட்டியதில்லை; திரும்பும் ஆரம் 4.9 மீட்டர்தான். ஐந்து கதவுக்கு அது 5.7 மீட்டர். நிறுத்துமிடத்தின் வளைந்த ஏற்றப் பாதைகளில் இந்த வேறுபாட்டை உணர்வீர்கள். இன்னொன்று, பின்கதவு பக்கவாட்டில் திறப்பது. நாம் பெரும்பாலும் பின்னோக்கித்தான் நிறுத்துகிறோம். சுவரை ஒட்டி நிறுத்திவிட்டால் சாமான்களை எடுக்க வண்டியை மீண்டும் முன்னே நகர்த்த வேண்டும். முதல் மாதத்தில் இதற்காக நான் பலமுறை இறங்கி ஏறினேன்.

மலேசியப் பயணத்தில் இரண்டு செய்திகளைக் கருத்தில் கொள்ளுங்கள். எரிபொருள் தொட்டி 40 லிட்டர். சிங்கப்பூர்ச் சோதனைச்சாவடியைக் கடக்க முக்கால் தொட்டி நிரம்பியிருக்க வேண்டும் என்பதால் 30 லிட்டரை இங்குள்ள விலையில்தான் போட்டாக வேண்டும். வடக்கு-தெற்கு நெடுஞ்சாலையில் 110 கிலோமீட்டர் வேகத்தில் சென்றால், நான்கு கியர் மட்டுமே கொண்ட தானியங்கிப் பெட்டி எஞ்சினை உரக்கச் சுழல வைக்கும். செங்குத்தான முன்கண்ணாடியில் மோதும் காற்றின் ஓசையும் சேர்ந்துகொள்ளும். நீண்ட பயணத்தில் பின்னிருக்கையில் இருப்பவர்களோடு பேசுவதே சிரமம்.

ஆனால் ஜொகூர் மாநிலத்துக் காஹாங்கிலிருந்து கம்போங் பேத்தா வழியாக எண்டாவ் ரொம்பின் காட்டுக்குள் செல்லும் செம்மண் பாதையில் இந்த வண்டி வேறு பிறவி எடுக்கும். ஏணி போன்ற அடிச்சட்டகமும், இடது வலது சக்கரங்களை ஒரே தண்டாக இணைத்து முன்னும் பின்னும் உள்ள முழு அச்சுகளும், மெதுவாக ஆனால் வலுவாக இழுக்கும் தாழ்ந்த கியர் நிலையும் அங்கேதான் பொருள் பெறுகின்றன. மேட்டைக் கடக்கும்போது அடிப்பாகம் உரசாத கோணம் மூன்று கதவுக்கு 28 டிகிரி, ஐந்து கதவுக்கு 24 டிகிரி. காய்ந்த தார்ச்சாலையில் நான்கு சக்கர இயக்கத்தைப் பயன்படுத்தக் கூடாது. முன், பின் சக்கரங்கள் வெவ்வேறு வேகத்தில் சுழல இடம்தரும் நடு டிஃபரென்ஷியல் இல்லாததால் இயக்கப் பாகங்கள் திணறும். ஆகவே சிங்கப்பூருக்குள் நீங்கள் ஓட்டப்போவது பின்சக்கர இயக்கம் கொண்ட ஒரு சிறிய பெட்டி வண்டியைத்தான்.

கீழ்த்தள வீடு:
தோற்றத்தையும் கோணங்களையும் பேசுவதற்கு முன் இருக்கைகளை எண்ணிப் பாருங்கள் ஐயா. கதவுகள் ஐந்தானாலும் இருக்கைகள் நான்குதான். உங்கள் வீட்டில் ஐவர். சாமான் இடம் 85 லிட்டரிலிருந்து 208 லிட்டராகப் பெருகியிருப்பது உண்மைதான் என்றாலும், அம்மாவுக்கு மடக்கு சக்கர நாற்காலி தேவைப்படும் நாள் வந்தால் அதுவும் போதாது. தரையிலிருந்து 210 மில்லிமீட்டர் உயர்ந்து நிற்கும் வண்டியில் முதியவர்கள் காலைத் தூக்கி வைத்து ஏற வேண்டும். என் மாமியாரை இதுபோன்ற உயரமான வண்டியில் மருத்துவமனைக்கு அழைத்துச் சென்ற காலத்தில், ஒவ்வொரு முறையும் ஒரு சிறிய முக்காலியை உடன் எடுத்துச் சென்றோம். முழங்கால் வலியோடு அவர் ஏறியதைப் பார்த்தபின் அந்த வண்டியை விற்றுவிட்டோம்.

தெம்பனிஸ்வாசி:
அனைவருக்கும் நன்றி. கொல்லிமலைக்கு நால்வராகச் சென்றதால் ஐந்தாவது இருக்கை இல்லாததை நான் கவனிக்கவே இல்லை. வீட்டுக்கு ஒரே வண்டி என்ற நிலையில் இதை வாங்க முடியாது; இன்று காலை மனைவியிடமும் அப்படியே சொல்லிவிட்டேன். காஹாங் பாதை அன்பரே, மழைக்காலம் முடிந்து பேத்தா பக்கம் நீங்கள் செல்லும்போது இடமிருந்தால் என்னையும் மூத்த மகனையும் அழைத்துச் செல்வீர்களா? எரிபொருள் செலவு முழுவதும் என்னுடையது.