டெடி மெக்கார்த்தி 1990இல் செய்ததை இன்னொருவர் செய்ய முடியாதா?

மீனா_கார்க்:
வணக்கம். நாங்கள் அயர்லாந்தின் கார்க்கில் குடியிருக்கிறோம். மகனுக்குப் பன்னிரண்டு வயது. உள்ளூர் கிளப்பில் மட்டையால் ஆடும் ஹர்லிங், கையாலும் காலாலும் ஆடும் கேலிக் கால்பந்து இரண்டும் ஆடுகிறான். ஒன்றைத் தேர்ந்தெடு என்று யாராவது சொன்னால் அழாத குறைதான். கிளப்பில் பெரியவர்கள் பேச ஆரம்பித்தால் டெடி மெக்கார்த்தி பெயர் வராமல் இருப்பதில்லை. 1990இல் இரண்டு விளையாட்டிலும் அகில அயர்லாந்து பட்டம் வென்றவர் என்று மட்டும் தெரியும். அது ஏன் அவ்வளவு பெரிய விஷயம்? அதற்குப் பிறகு ஆண்களில் ஒருவரால்கூட ஏன் முடியவில்லை? விவரம் தெரிந்தவர்கள் கொஞ்சம் விரிவாகச் சொல்லுங்கள்.

லீநதிக்கரை:
மீனா அக்கா, நான் ஒரு கிளப்பில் சின்னப் பிள்ளைகளின் பயிற்சிக்கு உதவுகிறவன். எனக்கு டெடிதான் எல்லாரையும்விட மேலே.

முதலில் தேதிகளைப் பாருங்கள். 1990 செப்டம்பர் 2, டப்ளின் குரோக் பார்க்கில் ஹர்லிங் இறுதி ஆட்டம். கார்க் 5-15, கால்வே 2-21. முதல் எண் கோல், ஒவ்வொன்றுக்கும் 3 புள்ளி; இரண்டாவது எண் ஒற்றைப் புள்ளிகள். ஆக 30க்கு 27. பதினாலாம் நாள், செப்டம்பர் 16, அதே மைதானத்தில் கால்பந்து இறுதி. கார்க் 0-11, மீத் 0-9. அதில் கார்க்கின் கோலம் ஓ'நீல் முதல் பாதியிலேயே வெளியேற்றப்பட்டார். மீதி ஆட்டம் முழுக்கப் பதினாலு பேர்தான். இந்த இரண்டு நாளும் களத்தில் இறங்கி ஆடி ஜெயித்தவர் டெடி ஒருவரே. டெனிஸ் வால்ஷும் இரண்டு குழுவிலும் இருந்தார், ஆனால் கால்பந்து இறுதியில் மாற்று வீரராக உட்கார்ந்திருந்தார்.

இதில் யாருக்கும் சம்பளம் கிடையாது. கார்க் முழுக்க ஹர்லிங் வெற்றியைக் கொண்டாடிக்கொண்டிருக்கும்போது இந்த மனிதருக்கு இன்னோர் இறுதி ஆட்டம் பாக்கி. தோளும் விரலும் ஆற வேண்டாமா?

விரல் என்று சும்மா சொல்லவில்லை. உங்கள் மகனின் கைகளைப் பாருங்கள், புரியும். ஹர்லிங்கில் ஒரு கையில் ஹர்லி என்ற ஆஷ் மரத்து மட்டை. ஸ்லிட்டரோ விளிம்பு தடித்த தோல் பந்து. மேலே இருந்து இறங்கும்போது நாலு பேர் மட்டையை வீசுவார்கள், அதற்கு நடுவே வெறும் உள்ளங்கையைத் தூக்கிப் பிடிக்க வேண்டும். தரையில் கிடந்தால் கையால் எடுக்கக் கூடாது, மட்டையால் உருட்டியோ நெம்பியோ எழுப்ப வேண்டும். கால்பந்தில் பெரிய பந்து, இரண்டு கையும் வேண்டும். உடம்பை மோதலுக்குக் கொடுத்துக்கொண்டே பிடித்து, நாலு காலடிக்குள் தரையில் தட்டவோ கால்விரலால் கைக்கு உயர்த்தவோ வேண்டும். ஒன்றில் பழகிய கணக்கு மற்றதில் உதவாது. டெடியிடம் இரண்டுக்கும் பொதுவாக இருந்தது அந்தத் துள்ளல். ஆள் அசாத்திய உயரமெல்லாம் இல்லை, ஆனால் எழும்பினால் பக்கத்தில் நிற்பவர்களின் தலைக்கு மேலே நின்று பந்தை எடுப்பார். பழைய புகைப்படங்களைத் தேடிப் பாருங்கள்.

அவருடைய ஹர்லிங் கிளப் சார்ஸ்ஃபீல்ட்ஸ், கால்பந்துக்கு கிளான்மயர். கார்க்குக்காக அவர் ஆடிய முதல் சாம்பியன்ஷிப் ஹர்லிங் ஆட்டமே 1986 இறுதிதான், அதிலும் ஜெயம். 1989இல் கால்பந்துப் பட்டம். அப்புறம் 1990. மொத்தம் நாலு பதக்கம். 2023 ஜூனில், 57 வயதில் போய்விட்டார். எனக்கு அது இன்னும் ஆறவில்லை.

ஏன் அதற்குப் பிறகு நடக்கவில்லை என்றால், என் பதில் அட்டவணை. அன்றைக்குத் தோற்றால் வெளியே, ஆட்டங்கள் குறைவு, நடுவே வாரக்கணக்கில் இடைவெளி. 2018இலிருந்து மன்ஸ்டர் (கார்க் இருக்கும் மாகாணம்) ஹர்லிங்கில் குழுச் சுற்று மட்டுமே நாலு ஆட்டம், அதுவும் சில வாரங்களுக்குள். 2025இல் ஹர்லிங் இறுதி ஜூலை 20, கால்பந்து இறுதி ஜூலை 27. பதினாலு நாள் ஏழு நாளாகிவிட்டது. திறமைக்கு என்ன குறைச்சல்? நேரத்தைத்தான் பறித்துவிட்டோம். எனக்கு இதில் உண்மையாகவே கோபம் உண்டு.

பழைய_ரசிகன்:
தம்பி சொன்னது சரி. ஒரு பெயரை மட்டும் சேர்க்கிறேன்: ஜாக் லிஞ்ச். 1941 முதல் 1944 வரை ஹர்லிங், 1945இல் கால்பந்து, 1946இல் மறுபடி ஹர்லிங். தொடர்ந்து ஆறு ஆண்டு ஆறு பதக்கம். பிறகு நாட்டின் பிரதமரானார். 1999இல் ஷான் ஓக் ஓ ஹால்பின் ரொம்பக் கிட்டே வந்தார். ஹர்லிங் இறுதியில் கில்கென்னியை ஒரு புள்ளியில் வென்று, இரண்டு வாரத்தில் கால்பந்து இறுதியில் மீத்திடம் தோற்றார்கள். அந்தத் தோல்வியை என்னால் மறக்க முடியாது.

வானதி_ஆர்:
ஆண்களோடு பேச்சை நிறுத்தாதீர்கள்! ரீனா பக்லி இதே கார்க்தான். மகளிர் கால்பந்தில் 11, கமோகியில் (பெண்கள் ஆடும் ஹர்லிங்) 7, ஆக 18 அகில அயர்லாந்து பதக்கங்கள். 2014, 2015 இரண்டு ஆண்டும் இரண்டு பட்டமும். 2012இல் கால்பந்து அணிக்குத் தலைவி, 2017இல் கமோகி அணிக்குத் தலைவி. பிசியோதெரபிஸ்ட் வேலையும் பார்த்துக்கொண்டு! பெண்களுக்கு இந்த இரண்டு விளையாட்டையும் நடத்துவது தனித்தனி அமைப்புகள், அதனால் ஆட்டத் தேதிகள் மோதுவது தீராத தலைவலி. அதையும் தாங்கி ஆடினார்கள். மீனா அக்கா, உங்கள் மகனுக்கு ரீனா கதையையும் சொல்லுங்கள்.

மீனா_கார்க்:
எல்லாருக்கும் நன்றி. கண்டிப்பாகச் சொல்கிறேன் வானதி. இப்போது நான் என்ன செய்ய? அடுத்த வயதுப் பிரிவுக்குப் போகும்போது ஒன்றை விடச் சொல்வார்களோ என்று பயமாக இருக்கிறது.

லீநதிக்கரை:
விட வேண்டாம் அக்கா. கவுன்ட்டி (கார்க் மாதிரி மாவட்ட அணி) அளவில்தான் கதவு கிட்டத்தட்ட மூடிவிட்டது, கிளப் அளவில் திறந்தே இருக்கிறது. டப்ளினின் கான் ஓ'கலகனைப் பாருங்கள். குவாலா கிளப்போடு 2017, 2018இல் அகில அயர்லாந்து கிளப் ஹர்லிங் பட்டம், 2025 ஜனவரியில் அதே கிளப்போடு கால்பந்துப் பட்டம்.

இரண்டு பயிற்சியாளர்களும் ஒருவரோடு ஒருவர் பேசுகிறார்களா என்று மட்டும் கவனியுங்கள். பேசாவிட்டால் சுமை முழுக்கப் பிள்ளையின் முழங்காலில்தான் இறங்கும். ஒரு மாதத்து ஆட்டம், பயிற்சி எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதி இரண்டு பேருக்கும் கொடுங்கள். ஞாயிறு ஆட்டம் இருந்தால் சனிக்கிழமை எந்தப் பயிற்சியும் வேண்டாம் என்று நீங்களே சொல்லுங்கள். நல்ல பயிற்சியாளராக இருந்தால் தட்டமாட்டார்.