மறு: 'ஜனம்சாகி' – தமிழில் என்ன சொல்லலாம்?

குழுவினருக்கு வணக்கம். சீக்கிய மதத்தை நிறுவிய குரு நானக்கின் வாழ்க்கையைச் சொல்லும் பஞ்சாபிக் கதைத் தொகுப்புகள்தான் ஜனம்சாகிகள். அவற்றுக்குத் தமிழ்க் கலைச்சொல் தேடும் நம் உரையாடலுக்கு என் பதில் இது.

> 'பிறப்புச் சான்று' என்றே வைத்துக்கொண்டால் என்ன?

ஜனம் பிறப்பு, சாகி சான்று. சொல்லுக்குச் சொல் சரிதான். ஆனால் 'குரு நானக்கின் பிறப்புச் சான்று' என்று படிப்பவர் மனத்தில் நகராட்சி அலுவலகம்தான் வந்து நிற்கும்.

'சரிதம்' என்று வைக்கலாம் என்பதிலும் எனக்கு உடன்பாடில்லை. சரிதம் என்றால் ஒருவர் திட்டமிட்டு இயற்றிய நூல். ஜனம்சாகி அப்படி உருவானதன்று. சுல்தான்பூரில் ஆற்றில் மூழ்கிய நானக் மூன்று நாள் கழித்து வெளிவந்தது ஒரு சாகி, அதாவது ஒரு தனிக் கதை. ஏழைத் தச்சர் லாலோவின் ரொட்டியைப் பிழிந்தபோது பாலும், செல்வர் மாலிக் பாகோவின் பலகாரத்தைப் பிழிந்தபோது இரத்தமும் வடிந்தது இன்னொரு சாகி. வாய்மொழியாக வழங்கிய இவற்றைப் பின்னால் வந்தவர்கள் கோத்துத் தொகுத்தார்கள். லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தில் உள்ள பி-40 என்ற 1733ஆம் ஆண்டுச் சுவடியில் கதைகளோடு 57 ஓவியங்களும் இருக்கின்றன. ஆகவே நாம் தேடும் சொல் தனிக் கதைக்கும் தொகுப்புக்கும் ஒருசேரப் பொருந்த வேண்டும்.

என் பரிந்துரை: தனிச் சாகிக்கு சாட்சிக்கதை, நூலுக்கு சாட்சிக்கதைத் தொகுப்பு.

சாகியும் சாட்சியும் ஒரே வேரில் பிறந்தவை என்பது மட்டும் காரணமன்று. தமிழ்க் கிறித்தவர்கள் ஜெபக் கூட்டத்தில் எழுந்து 'சாட்சி சொல்கிறார்கள்'. அங்கே அந்தச் சொல்லுக்கு நம்பிக்கையோடு எடுத்துரைப்பது என்ற பொருள் ஏற்கெனவே ஊறிவிட்டது. நீதிமன்றத்திலோ சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்யலாம். வரலாற்று மாணவருக்கு இரண்டும் தேவை. ஜனம்சாகிகளில் ஒரு வகையான பாலா மரபுத் தொகுப்பு, குரு நானக்குடன் பயணம் செய்த பாய் பாலா நேரில் கண்டு சொன்னதாகவே தன்னை முன்வைக்கிறது. ஆனால் சீக்கியக் குருமார்களின் முக்கியச் சீடர்களைப் பட்டியலிடும், சீக்கியப் புலவர் பாய் குர்தாஸின் 11ஆம் வாரில் (வார் என்பது நீள்பாடல்) நானக்கின் பயணத் தோழர் மர்தானா இருக்கிறார், பாலா இல்லை. பிறந்த மாதத்திலேயே சாட்சிகள் முரண்படுகின்றன: ஜனம்சாகிகளில் இன்னொரு வகையான புராதன் மரபு 1469 வைசாகம் என்கிறது, பாலா மரபு கார்த்திகைப் பௌர்ணமி என்கிறது. விழா எடுப்பது கார்த்திகையில்தான். 'வரலாறு' என்று பெயரிட்டால் இந்த முரண் மறைந்துபோகும். 'புராணம்' என்றால் பக்தர்களின் நம்பிக்கையை நாமே தள்ளிவிட்டதாகும். ஒரு கலைச்சொல் இப்படி முன்கூட்டியே தீர்ப்பு எழுதக் கூடாது.

> சாட்சி வடசொல். தூய தமிழ் கிடைக்காதா?

கிடைக்கும். 'இந்திரனே சாலுங் கரி' என்ற குறளில் கரி என்பது சாட்சிதான். ஆனால் 'கரிக்கதை' என்று அச்சிட்டால் இன்றைய வாசகருக்கு அடுப்புக்கரியோ யானையோதான் தோன்றும்.

அடுத்து 'ஹுக்கம்நாமா'. குருமார்கள் தொலைவில் இருந்த சங்கத்தாருக்கு (சீக்கியச் சபையினருக்கு) அனுப்பிய ஆணைக் கடிதங்களுக்குத் திருமுகம் (பெரியோர் விடுக்கும் ஓலை) என்ற பழஞ்சொல் அழகாகப் பொருந்தும். ஒன்பதாம் சீக்கியக் குருவான தேக் பகதூர் பாட்னா சங்கத்துக்கு எழுதியவற்றைத் 'தேக் பகதூர் திருமுகங்கள்' என்று தயங்காமல் எழுதலாம். ஆனால் அமிர்தசரஸ் பொற்கோயிலில் நாள்தோறும் சீக்கியரின் புனித நூலான குரு கிரந்த் சாகிபைத் திறந்து படிக்கும் பாடலுக்கும் அதே பெயர்தான் வழங்குகிறது. அதற்குத் 'திருவாக்கு' என்று தனிச்சொல் வைக்கலாமா? பஞ்சாபி அறிந்தவர்கள் கருத்துச் சொன்னால் இரண்டையும் சேர்த்தே முடிவு செய்துவிடலாம்.