மறுமொழி: ‘குட்டைக் காலைமகிமை’க்குப் பதிலாகச் ‘சுற்றாத்தாளி’

> சாடியில் வைக்கிற அந்த நீலப் பூங்கன்றுக்குக் ‘குட்டைக் காலைமகிமை’ என்றே போடுவம். விளங்கும்தானே?

அண்ணை, விளங்காது. அது ‘dwarf morning glory’ என்ற ஆங்கிலப் பெயரின் நேர் மொழிபெயர்ப்பு. யாழ்ப்பாணத்துக் கோண்டாவிலில் எங்கள் வளவுக்கு வருகிறவர்கள் அதைக் கண்டதும், “விஷ்ணுகிராந்தி மாதிரிக் கிடக்கு, பூ மட்டும் பெரிசு” என்கிறார்கள். அவர்கள் கண்தான் சரி. இரண்டும் எவொல்வுலஸ் பேரினம். விஷ்ணுகிராந்தி தரையோடு கிடக்கும் எங்கள் ஊர் மூலிகை. சாடியில் வைப்பது பிரேசில் பக்கத்துச் செடி. ஏறுகிற கொடி ஒன்று குட்டையாகி இது வரவில்லை. பூவைப் பிரித்துப் பாருங்கள்: தம்பம், அதாவது சூலகத்தின் மேல் நிற்கும் தண்டு, இரண்டு, ஒவ்வொன்றும் மேலே இரண்டாகக் கிளைக்கும். காலைமகிமைக் கொடிகளின் பேரினமான ஐப்போமியாவின் பூவில் தம்பம் ஒன்றுதான்.

தாவரவியலாளர் லின்னேயசு வைத்த பெயரே வழி காட்டுகிறது. கொன்வொல்வுலஸ் என்ற உறவுப் பேரினத்தின் பெயருக்குச் சுற்றிப் பின்னுவது என்று பொருள், எவொல்வுலஸ் என்றால் சுற்று அவிழ்ந்தது. என் கன்று கம்பிவேலிக்குப் பக்கத்திலேயே நிற்கிறது. ஒருநாளும் கம்பியைப் பிடித்ததில்லை. 30 செ.மீ. உயரத்துக்குள் பரந்து, விடிய விரிந்து, பின்னேரம் பூச்சுருட்டிவிடும்.

வேலியில் படரும் ஐப்போமியா ஒன்றுக்குத் தாளி என்ற பெயர் ஏற்கெனவே தமிழில் உண்டு. வாடாத மல்லி வாடாமல்லி ஆனதுபோல, சுற்றாத தாளி சுற்றாத்தாளி.

> அடம்பன்கொடியும் மணலில் ஓடுதே தவிரச் சுற்றுவதில்லை. அதையும் அப்படிச் சொல்வீர்களோ? தாளி என்றால் பிள்ளைகளுக்குக் கடுகு தாளிக்கிறதுதான் நினைவு வரும்.

அக்கா, அடம்பன் கேள்வி நியாயமானது. இரவு முழுக்க அதைத்தான் யோசித்தேன். அடம்பன் கணுவுக்குக் கணு வேர்விட்டு மீட்டர் கணக்கில் ஓடும் ஐப்போமியா. “அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு” என்று பழமொழியிலேயே இருக்கிற பெயரை யாரும் மாற்றப் போவதில்லை. சுற்றாத்தாளியை எவொல்வுலஸ் பேரினத்துக்கு மட்டும் வைப்போம். மத்தியதரைக் கடலோரத்து மூவண்ணக் கொன்வொல்வுலசுக்கும் ஆங்கிலத்தில் இதே ‘குட்டை’ப் பெயர்தான், அதுவும் ஏறாது. ஆனால் நீலம், வெள்ளை, நடுவில் மஞ்சள் என்று பூவே அடையாளம் சொல்வதால் அது முந்நிறத்தாளி. ஒரே பெயரில் இரண்டையும் போட்டால், விதை போட்டு முளைப்பிக்கும் ஒருபருவச் செடிக்கும் தடி வெட்டி நடும் பல்லாண்டுச் செடிக்கும் ஒரே பராமரிப்பை எழுதிவிடுவோம்.

கடுகு நினைவு வந்தால் வரட்டும். குறுந்தொகையின் 104ஆம் பாட்டில் பனிக்காலத்தில் பசுக்கள் மேய்வது தாளிக்கொடியைத்தான். அவ்வளவு பழைய சொல்லை அடுப்படிக்கு மட்டும் விட்டுவிட எனக்கு மனம் இல்லை.

எங்கள் செடிப்பெயர்த் தொகுப்புக்கு என் வரைவு: “சுற்றாத்தாளி: விஷ்ணுகிராந்தியும் அதன் உறவுச் செடிகளும், தண்டு சுற்றாது, தம்பம் இரண்டு.” தோட்டச் செடிக்கு ‘நீலச் சுற்றாத்தாளி’ என்று எழுதி, நல்ல வெயில் வேண்டும், செம்பாட்டு மண்ணில் நிற்கும், மாரியில் தண்ணீர் தேங்கினால் வேர் அழுகும் என்பதையும் சேர்த்துவிடுங்கள்.