ஷின்ஜுகு கோல்டன் காய்: நாலு பேர் சேர்ந்து உட்கார முடியுமா?

டோக்கியோவில் இருப்பவர்களிடம் ஒரு உதவி. வெள்ளி இரவு நாலு பேர் ஷின்ஜுகு போகிறோம். இருவர் குடிக்க மாட்டார்கள், அதில் ஒருவர் சுத்த சைவம்.

தெரிந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். கோல்டன் காய் என்ற குறுகிய சந்துகளில் 200-க்கும் மேற்பட்ட குட்டி பார்கள். பலவற்றில் ஏழெட்டு நாற்காலிதான். உட்கார்ந்தாலே தலைக்கு 500, 1,000 யென் என்று இருக்கைக் கட்டணம் கேட்கும் கடைகள் நிறைய. கேட்காமலே ஒரு சின்னக் கிண்ணத்தில் ‘ஒதோஷி’ என்ற கொறிக்கும் பண்டம் வரும். அதற்கும் பில் உண்டு. அங்குள்ள கேளிக்கைப் பகுதியான கபுகிச்சோ தெருவில் “ஒரு மணி நேரம் 3,000 யென்தான்” என்று கூடவே நடந்து வரும் ஆளை நம்பிப் போகக் கூடாது. உள்ளே போனபின் ஐஸ், சேவை, மேசை என்று ஒவ்வொன்றாக ஏற்றி, கடைசியில் நீட்டும் பில்லே வேறு.

இனி கேள்விகள். எட்டு மணிக்கே போனால் நாலு பேருக்குச் சேர்ந்து இடம் தருவார்களா, இல்லை இரண்டிரண்டாகப் பிரிவதே நல்லதா? ஊலாங் டீ மட்டும் கேட்டால் முகம் சுளிக்காத கடை எது? ஒமொய்தே யோகோச்சோ என்ற, குச்சியில் கறி சுட்டுத் தரும் கடைச் சந்தில் காளான், குடைமிளகாய்க் குச்சிகளை உப்பு மட்டும் போட்டுச் சுடச் சொல்லலாம். ஆனால் கறி சுடும் அதே அடுப்புதான். பக்கத்தில் தாஷி என்ற மீன் சாறு கலக்காத சாப்பாடு எங்கே கிடைக்கும்?

நள்ளிரவை ஒட்டிக் கடைசி ரயில் போய்விடும். இரவு 10 முதல் காலை 5 வரை டாக்ஸிக்கு 20 சதவீதம் கூடுதல். முதல் ரயில் வரை நாலு பேர் தங்க கரோக்கே அறை மலிவா, இரவு தங்கக்கூடிய காமிக்ஸ் கடையான மாங்கா கஃபேயா?